அச்சிடும் பிளாஸ்டிக் மின்னணுவியல் பற்றிய பொது உரை: சொன்னதும் விட்டதும்

மின்னிழை எழுதியது:

பிளாஸ்டிக்கில் மின்சுற்றுகளை அச்சிடுவது பற்றிய பொது அறிவியல் உரை ஒன்றைக் கேட்டேன். பேசியவர் துறையில் ஊறியவர். முதல் பாதி மிக நன்றாக இருந்தது. மின்சாரத்தைத் தடுப்பதற்கென்றே கம்பிமேல் உறையாகப் போடும் பொருள் எப்படி மின்சாரத்தைக் கடத்தும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினார். கார்பன் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வந்தால் எலக்ட்ரான்கள் ஓர் அணுவோடு கட்டுண்டு கிடக்காமல் சங்கிலி நெடுகிலும் பரவ இடம் கிடைக்கிறது என்பதைப் பலகையில் வரைந்தே காட்டினார். பள்ளி மாணவர்கள்கூட அசையாமல் கேட்டார்கள்.

இரண்டாம் பாதியில்தான் எனக்கு மனக்குறை. சுருட்டி வைக்கும் திரை, செய்தித்தாள் வேகத்தில் அச்சாகி வரும் சூரியத் தகடு, ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு சில்லு என்று வரிசையாகச் சொல்லி, எல்லாம் சில ஆண்டுகளில் வந்துவிடும் என்றார். இதே படங்களை இருபது ஆண்டுகளுக்கு முன்பும் இதே மாதிரி உரைகளில் காட்டினார்கள். ஏன் இன்னும் வரவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதைவிட முக்கியமானது இன்னொன்று. அச்சிடுவது, பிளாஸ்டிக்கையே குறைகடத்தியாக்குவது (அதாவது மின்சாரத்தை வேண்டியபோது ஓடவிட்டு வேண்டாதபோது நிறுத்தும் பொருளாக்குவது), வளையச் செய்வது என்ற மூன்றையும் ஒரே பொருளின் மூன்று குணங்களைப் போல அவர் பேசினார். இவை மூன்று தனித்தனிச் சாதனைகள். ஒன்று கைகூடிய இடத்தில் மற்ற இரண்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. அவர் கையில் எடுத்துக் காட்டிய மடிக்கும் கைப்பேசியையே பாருங்கள். திரை வளைகிறது, அடியில் பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. ஆனால் ஒளிரும் அடுக்குகள் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கப்பட்டவை. புள்ளிகளை இயக்கும் டிரான்சிஸ்டர்களில், அதாவது மின்சாரத்தைத் திறந்து மூடும் நுண் சுவிட்சுகளில், மின்சாரம் ஓடுவது சிலிக்கனில். ஒளிரும் அடுக்கிலும் சரி, சுற்றிலும் சரி, அச்சுக்கு அங்கே இடமே இல்லை. கேட்டுவிட்டுப் போனவர்கள் அதை அச்சிட்ட பிளாஸ்டிக் திரை என்றே நினைத்திருப்பார்கள்.

பொது உரையில் இதைப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. உரையைக் கேட்டவர்களும் துறையில் இருப்பவர்களும் எழுதுங்கள்.

தனிமவரிசை எழுதியது:

நான் வேதியியல் ஆசிரியை. அந்த உரையை என் மாணவர்களுடன் கேட்டேன். உங்கள் மனக்குறை புரிகிறது, ஆனால் பேச்சாளரை நீங்கள் அளவுக்கு மீறிக் கடிந்துகொள்கிறீர்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு துறையை அறிமுகப்படுத்த வேண்டும். அந்த நேரத்துக்குள் அவர் மாசூட்டலை, அதாவது வேறொரு பொருளைச் சிறிதளவு சேர்த்து மின்சாரத்தைக் கடத்தவைப்பதை, சரியாக விளக்கினார். என்னைப் பொறுத்தவரை அதுவே பெரிய காரியம்.

இரட்டைப் பிணைப்பு மாறி மாறி வந்தால் மட்டும் மின்சாரம் ஓடிவிடாது. அப்படிப்பட்ட கார்பன் சங்கிலியான பாலிஅசிட்டிலீன் தூய நிலையில் ஒரு சுமாரான குறைகடத்திதான். எல்லா இடமும் நிரம்பிக் கிடக்கும்போது எலக்ட்ரான் எங்கே நகரும்? அயோடின் போன்ற ஒன்று வந்து சில எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொண்டால்தான் காலியிடம் உண்டாகிறது, நகர்வு தொடங்குகிறது. ஜப்பானில் ஹிடேகி ஷிரகாவாவின் ஆய்வகத்தில் வினையூக்கியை ஆயிரம் மடங்கு கூடுதலாகப் போட்டதால் கறுப்புத் தூளுக்குப் பதிலாக வெள்ளி நிறப் படலம் கிடைத்தது. ஆலன் மக்டயர்மிட் அதைப் பற்றிக் கேள்விப்பட்டு அவரைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார். அங்கே ஆலன் ஹீகரும் சேர்ந்துகொண்டார். அயோடின் ஆவியில் காட்டியதும் படலத்தின் கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. 1977இல் கட்டுரை, 2000இல் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு என் மாணவி ஒருத்தி, "அப்படியானால் நம் வகுப்பில் தவறிப்போகும் சோதனைகளையும் எடுத்து வைக்கலாமா, அம்மா?" என்று கேட்டாள். எதிர்காலப் படங்கள் கொஞ்சம் கூடிப்போனாலும் அந்தக் கேள்வி அவளிடம் பிறந்ததே, அதற்கு நான் அந்தப் பேச்சாளருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

மின்னிழை எழுதியது:

அம்மா, முதல் பாதியைப் பற்றி நமக்குள் வேறுபாடே இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன அதே கதையில் அவர் விட்ட ஒன்று இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற பாலிஅசிட்டிலீன் காற்றுப் பட்டால் கெட்டுப்போகும். அதனால் அது எந்தக் கருவிக்குள்ளும் நிலைக்கவில்லை. பயன்பாட்டுக்கு வந்தது பின்னால் வந்த வேறு பாலிமர்கள், அதாவது வேறு நீள் சங்கிலி மூலக்கூறுகள். இதை இரண்டு நிமிடத்தில் சொல்லியிருந்தால், கண்டுபிடிப்புக்கும் கருவிக்கும் இடையே என்ன கிடக்கிறது என்று உங்கள் மாணவிக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

அலைமாணவன் எழுதியது:

வணக்கம். நான் இயற்பியல் இளநிலை மாணவன். ஒரு கோடி மடங்கு உயர்ந்தது என்றால் உலோகத்துக்கு அருகில் வந்துவிட்டது என்றுதானே பொருள்? அப்படியிருக்கப் பிளாஸ்டிக் டிரான்சிஸ்டர்கள் ஏன் மெதுவாக இயங்குகின்றன? உரையில் "சிலிக்கன் அளவுக்கு வேகம் இல்லை" என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். யாராவது விளக்க முடியுமா?

படலம் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. இரண்டு அளவுகளைப் பிரித்துப் பாருங்கள். கடத்துதிறன் என்பது எத்தனை மின்சுமைகள் (எலக்ட்ரான் போன்ற மின்னூட்டம் தாங்கிகள்) இருக்கின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்ற இரண்டின் பெருக்கல். மாசூட்டினால் முதல் எண் வானத்துக்கு ஏறும். டிரான்சிஸ்டருக்கு அது உதவாது, ஏனென்றால் டிரான்சிஸ்டரை அணைக்கவும் முடிய வேண்டும். எப்போதும் சுமை நிரம்பியிருந்தால் அணையாது. ஆகவே அங்கே நாம் நம்பியிருப்பது இரண்டாவது எண்ணை மட்டுமே. அதற்கு நகர்திறன் என்று பெயர்.

சிலிக்கன் படிகத்தில் அணுக்கள் கோணம் பிசகாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. எலக்ட்ரானின் நகர்திறன் அங்கே ஏறக்குறைய 1400 சதுர செ.மீ./வோல்ட் விநாடி. பாலிமரில் ஒரு சங்கிலிக்குள் பயணம் சுலபம். சங்கிலிகளோ சிக்கலாகச் சுருண்டு கிடக்கின்றன. ஒரு சங்கிலி முடிந்ததும் அடுத்ததற்குத் தாவ வேண்டும், ஆற்றைக் கடக்கக் கல்லுக்குக் கல் தாவுகிற மாதிரி. ஒவ்வொரு தாவலுக்கும் வெப்பத்திலிருந்து கொஞ்சம் ஆற்றல் கிடைக்கும்வரை சுமை காத்திருக்கிறது. 1986இல் பாலிதயோஃபீனைக் கொண்டு செய்த டிரான்சிஸ்டரின் நகர்திறன் அதே அலகில் 1இன் லட்சத்தில் ஒரு பங்குதான். சங்கிலிகளை நேராக நிற்கவைக்கும் பக்கக் கிளைகள், கரைசல் மெதுவாக உலரும் முறைகள் என்று வேதியியலாளர்கள் பாடுபட்டதன் பயனாக இன்று 1ஐத் தாண்டியிருக்கிறோம். அது பழைய தட்டைத் திரைகளில் இருந்த உருவற்ற சிலிக்கனின் அளவு. லட்சம் மடங்கு முன்னேற்றம். இந்த வேலையைச் செய்தவர்களின் பொறுமையை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆனால் வேகம் நகர்திறனோடு நிற்பதில்லை. டிரான்சிஸ்டரின் இரு முனைகளுக்கு இடையே உள்ள கால்வாயின் நீளம் பாதியானால் வேகம் நான்கு மடங்காகும். இருமடியில் மாறும். சிலிக்கன் சில்லுகளில் ஒளியைக் கொண்டு வடிவம் பொறிக்கும் ஃபோட்டோலித்தோகிராஃபி அந்த நீளத்தை நானோமீட்டர்களுக்குக் கொண்டுபோய்விட்டது. மைத்துளியால் அச்சிட்டால் பத்து, இருபது மைக்ரோமீட்டருக்குக் கீழே போவது கடினம். அதாவது பொருளில் இழப்பதைவிட அச்சின் பருமனில் இழப்பது அதிகம். உரையில் இதைக் காட்டும் படம் ஒன்றாவது இருந்திருக்க வேண்டும்.

இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2011இல் பெல்ஜியத்தின் ஐமெக் ஆய்வு நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் பிளாஸ்டிக் படலத்தின் மேல் சில ஆயிரம் கரிம (கார்பன் சேர்மங்களாலான) டிரான்சிஸ்டர்களைக் கொண்டு 8 பிட் நுண்செயலி ஒன்றைக் கட்டினார்கள். அதன் கடிகார வேகம் 6 ஹெர்ட்ஸ். விநாடிக்கு ஆறு துடிப்பு. அதைக் கட்டியதே வியக்கத்தக்க செயல் என்று சொல்லிவிட்டு, இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

அலைமாணவன் எழுதியது:

நன்றி ஐயா, இப்போது தெளிவாகிறது. சில கட்டுரைகளில் பாலிமர் நகர்திறன் 10, 20 என்றெல்லாம் பார்த்தேனே?

படலம் எழுதியது:

பார்த்திருப்பீர்கள். மின்முனைக்கும் குறைகடத்திக்கும் இடையே உள்ள தடை மின்னழுத்தத்தோடு சேர்ந்து மாறினால், வரைபடத்தில் ஓரிடத்தில் சரிவு திடீரென்று செங்குத்தாகும். அந்தச் சரிவை வழக்கமான சூத்திரத்தில் போட்டால் நகர்திறன் பத்து மடங்குவரை மிகையாக வரலாம் என்று 2016இல் ஒரு கட்டுரை விளக்கமாகக் காட்டியது. அதற்குப் பிறகு பல பழைய சாதனை எண்களை நாங்கள் எச்சரிக்கையோடு படிக்கிறோம். இதில் யாரும் ஏமாற்றவில்லை, அளக்கும் முறையில் இருந்த பொறி அது.

ஏமாற்று வேலையும் நடந்திருக்கிறது, அதையும் மறைக்கக்கூடாது. பெல் ஆய்வகத்தின் ஹென்ட்ரிக் ஷூன் கரிமப் படிகங்களிலும் மூலக்கூறு டிரான்சிஸ்டர்களிலும் அடுக்கடுக்காக அற்புத முடிவுகளை வெளியிட்டார். வெவ்வேறு சோதனைகளின் வரைபடங்களில் இரைச்சல்கூட (தற்செயலாக வரும் சிறு ஏற்ற இறக்கங்கள்) ஒரே மாதிரி இருப்பதை மற்ற ஆய்வாளர்கள் கவனித்தார்கள். 2002இல் விசாரணைக் குழு 24 குற்றச்சாட்டுகளை ஆராய்ந்து 16இல் அறிவியல் முறைகேடு நடந்திருப்பதாக முடிவு செய்தது. அந்த முடிவுகளைத் திரும்பச் செய்து பார்க்க முயன்று காலத்தைத் தொலைத்த ஆராய்ச்சி மாணவர்கள் பலர். இந்தத் துறையில் மிகைச்சொல்லுக்கு நான் கோபப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மைத்தூரிகை எழுதியது:

நான் ஸ்கிரீன் பிரிண்டிங் தொழிலில் இருப்பவன். காகிதத்திலும் துணியிலும் தொடங்கி இப்போது பாலியெஸ்டர் படலத்தில் வெள்ளி மையால் தொடு விசைப்பலகைச் சுற்றுகளை அச்சிடுகிறோம். உரையின் பதிவை முழுவதும் கேட்டேன். "செய்தித்தாள் அச்சிடுவது போல" என்று பேச்சாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். அச்சுக்காரன் பக்கத்திலிருந்து சில விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

படத்தை அச்சிடும்போது ஒரு புள்ளி விடுபட்டால் கண்ணுக்குத் தெரியாது. சுற்றில் ஒரு புள்ளி விடுபட்டால் கோடு அறுந்தது, சுற்று செத்தது. ஒரு புள்ளி கூடுதலாக விழுந்தால் பக்கத்துக் கோட்டோடு ஒட்டி, அதுவும் செத்தது. ஒரு சுற்றில் ஆயிரம் டிரான்சிஸ்டர், ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கு 999 தடவை சரியாக வரும் என்று வையுங்கள். எங்கள் தொழிலில் அது கைகூப்ப வேண்டிய தரம். அப்போதும் முழுச் சுற்று சரியாக வருவது நூற்றுக்கு 37 தடவைதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது ஒரு அடுக்கின் மேல் அடுத்த அடுக்கு பிசகாமல் உட்காருவது. வண்ண அச்சில் சற்றுப் பிசகினால் எழுத்தின் ஓரம் நிழலடிக்கும், அவ்வளவுதான். டிரான்சிஸ்டருக்குக் குறைந்தது நான்கு அடுக்கு வேண்டும்: இரு முனைகள், குறைகடத்தி, மின்காப்பு, டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் முனையான வாயில். ஒவ்வொரு அடுக்குக்குப் பிறகும் படலத்தைச் சூடேற்றி உலர்த்துகிறோம். வெள்ளி மையில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டினால்தான் மின்சாரம் ஓடும், அதற்குச் சூடு தேவை. பாலியெஸ்டர் படலமோ 150 டிகிரியிலேயே சுருங்கவும் நெளியவும் தொடங்குகிறது. சுருங்கிய படலத்தின் மேல் அடுத்த அடுக்கைப் பழைய இடத்தில் எப்படிப் பொருத்துவது? ரோலில் இழுத்து ஓட்டும்போது இழுவிசையால் நீளவும் செய்யும். அதனால் அடுக்குகளுக்கு இடையே தாராளமாக விளிம்பு விட வேண்டியிருக்கிறது. விளிம்பு விட்டால் சுற்று பெரிதாகிறது, படலம் ஐயா சொன்ன வேகம் இன்னும் குறைகிறது.

மையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. ஸ்கிரீனுக்குப் பசை மாதிரி மை வேண்டும், இங்க்ஜெட்டுக்குத் தண்ணீரைவிடச் சற்றே கெட்டியான மை போதும், குழி பொறித்த உருளையால் அச்சிடும் கிராவியூருக்கு இடைப்பட்டது. ஒரே பாலிமரை மூன்றுக்கும் தயாரிக்க மூன்று தனி ஆராய்ச்சி நடக்க வேண்டும். இங்க்ஜெட்டில் ஒரு துளி சில பிக்கோலிட்டர், அதாவது லிட்டரின் லட்சம் கோடியில் சில பங்கு. அது விழுந்து உலரும்போது ஓரம் முதலில் காய்கிறது. நடுவில் இருக்கும் பொருளெல்லாம் ஓரத்தை நோக்கி ஓடி வளையமாகப் படிகிறது. சிந்திய காப்பித் துளியின் கறையில் ஓரம் மட்டும் கறுத்திருக்குமே, அதே செயல்தான். இதற்கான விளக்கத்தை 1997இல்தான் இயற்பியலாளர்கள் முழுமையாக எழுதினார்கள். நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் போன குறைகடத்திப் படலத்தை வைத்து என்ன செய்வது? கொதிநிலை வேறுபட்ட இரண்டு கரைப்பான்களைக் கலந்து நடுப்பக்கம் திரும்பி ஓடும் ஓட்டம் ஒன்றை உண்டாக்கி இதைச் சமாளிக்கிறார்கள். இதெல்லாம் எவ்வளவு சுவையான விஷயம்! உரையில் இதற்கு ஒரு நிமிடம்கூட இல்லை.

தனிமவரிசை எழுதியது:

ஐயா, உங்கள் பதிவை அச்செடுத்து ஆய்வகச் சுவரில் ஒட்டப்போகிறேன். கரைப்பான் கலவையை எங்கள் மாணவர்களே சாயக் கரைசலில் செய்து பார்க்க முடியும் என்று தோன்றுகிறது.

வெளிச்சம் எழுதியது:

காட்சித்திரைத் துறையில் பல காலம் இருக்கிறேன். இந்த இழை ஒரு பக்கமாகச் சாய்வதால் எழுதுகிறேன்.

பிளாஸ்டிக் இப்படி ஒளிரும் என்பதே 1990வரை பெரும்பாலோர் எதிர்பார்க்காத ஒன்று. கேம்பிரிட்ஜில் ஜெரமி பரோஸ், டோனல் பிராட்லி, ரிச்சர்டு ஃபிரெண்ட் குழுவினர் பிபிவி என்ற பாலிமர் படலத்துக்கு மின்னழுத்தம் கொடுத்து மஞ்சளும் பச்சையும் கலந்த ஒளியைப் பெற்றார்கள். அதற்கு முன்பே 1987இல் கோடாக்கில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் சிறு மூலக்கூறுகளைக் கொண்டு 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் ஒளிரும் டையோடு செய்துவிட்டார்கள். இன்று கோடிக்கணக்கான கைப்பேசிகளில் ஒளிர்வது கோடாக் வழி வந்த கரிமப் பொருள். கரிமக் குறைகடத்தி தோற்றுப்போன துறை என்ற எண்ணம் யாருக்கும் வரக்கூடாது. மின்னிழை அவர்கள் சொன்னது சரி, ஒளிரும் அடுக்கு வெற்றிடத்தில் படிவது. ஆனால் அந்தத் திரையை ஈரத்திலிருந்து காக்கும் மேலுறையைப் பாருங்கள். கனிம அடுக்கு, கரிம அடுக்கு, மறுபடியும் கனிம அடுக்கு. நடுவில் இருக்கும் கரிம அடுக்கை இங்க்ஜெட்டால் தெளிக்கிறார்கள். குவாண்டம் புள்ளிகள் என்ற நுண் துகள்களைச் சேர்த்துச் செய்யும் பெரிய திரைகளில் நிறம் மாற்றும் அடுக்கும் இங்க்ஜெட்டில்தான் விழுகிறது. அச்சு உள்ளே வந்துவிட்டது, எதிர்பார்த்த வாசல் வழியாக வரவில்லை.

எதிர்பார்த்த வாசலில் என்ன நடந்தது என்பதையும் மறைக்க மாட்டேன். கேம்பிரிட்ஜ் ஆய்விலிருந்து 2000இல் பிளாஸ்டிக் லாஜிக் நிறுவனம் பிறந்தது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் 2008இல் ஆலை திறந்தார்கள். வளையும் பிளாஸ்டிக் டிரான்சிஸ்டர் தளத்தின் மேல், காகிதம் போலத் தோன்றும் மின்தாள் திரை. கியூ என்ற மின்னூல் படிப்பான் கருவியை 2010 ஜனவரியில் அறிமுகம் செய்து, அதே ஆண்டு ஆகஸ்டில் கைவிட்டார்கள். இடையில் ஐபேட் வந்துவிட்டது. தொழில்நுட்பம் வேலை செய்தது, சந்தை நகர்ந்துவிட்டது. ஓஎல்இடி (கரிம ஒளிரும் டையோடு) திரையையே அச்சிட்டு விற்ற ஜப்பானின் ஜேஓலெட் 2023 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. அந்தத் திரைகள் அழகானவை. பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அது உண்மையான வருத்தம்.

மின்னிழை எழுதியது:

வெளிச்சம் அவர்களே, நீங்கள் எழுதியதைத்தான் நான் உரையில் எதிர்பார்த்தேன். தோல்வியின் காரணத்தைச் சொன்னால் துறைக்கு மதிப்புக் குறைந்துவிடாது. கூடத்தான் செய்யும்.

அச்சு, பிளாஸ்டிக் குறைகடத்தி, வளைவு மூன்றும் தனித்தனி என்று நான் சொன்னதற்கு இன்னொரு சான்று. 2021இல் நேச்சர் இதழில் ஆர்ம், பிராக்மேடிக் நிறுவனங்களின் ஆய்வாளர்கள் வளையும் 32 பிட் நுண்செயலியை வெளியிட்டார்கள். 18,334 தருக்க வாயில்களுக்குச் சமமான சுற்று, வேகம் 29 கிலோ ஹெர்ட்ஸ். பத்து ஆண்டுகளுக்கு முந்தைய 6 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் பெரும் பாய்ச்சல். பேச்சாளர் இதைப் "பிளாஸ்டிக் சில்லு" என்று காட்டினார். பிளாஸ்டிக் என்பது அடித்தளம் மட்டுமே. மின்சாரம் ஓடுவது இண்டியம், காலியம், துத்தநாகம் சேர்ந்த ஆக்சைடில். வடிவம் பொறித்தது ஃபோட்டோலித்தோகிராஃபி. அச்சும் இல்லை, பிளாஸ்டிக் குறைகடத்தியும் இல்லை.

2000இல் ஹென்னிங் சிரிங்ஹவுஸ் குழு சயன்ஸ் இதழில் வெளியிட்ட, முழுக்கப் பாலிமரால் ஆன இங்க்ஜெட் டிரான்சிஸ்டரையும் உரையில் காட்டினார்கள். அந்த ஆய்வின் அழகே, நீரை விலக்கும் மெல்லிய வரப்பு ஒன்றைத் தளத்தில் முன்கூட்டியே அமைத்து, மைத்துளி அதன் இரு பக்கமும் தானே பிரிந்து நிற்கச் செய்ததுதான். அப்படித்தான் 5 மைக்ரோமீட்டர் கால்வாய் கிடைத்தது. அந்த வரப்பைப் போட்டதும் ஃபோட்டோலித்தோகிராஃபிதான். இதைச் சொன்னால் கேட்பவருக்கு வியப்பு குறையுமா? எனக்குக் கூடியது.

அலைமாணவன் எழுதியது:

அந்த 32 பிட் செயலி வளையும் ஆக்சைடு என்றால் மின்செலவு எப்படி?

படலம் எழுதியது:

ஏறக்குறைய 21 மில்லிவாட், அதில் மிகப் பெரும் பகுதி சும்மா இருக்கும்போதே செலவாவது. அந்த ஆக்சைடில் எலக்ட்ரான் கடத்தும் வகை டிரான்சிஸ்டர் மட்டுமே நன்றாக அமைகிறது. சிலிக்கனில் இரு வகையும் இணை சேர்ந்து ஒன்று அணையும்போது மற்றது திறப்பதால் நிலையான கசிவு மிகக் குறைவு. இங்கே ஜோடி கிடையாது, ஆகவே மின்னோட்டம் எப்போதும் ஒழுகிக்கொண்டிருக்கும். கரிமப் பாலிமர்கள் துளை (எலக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடம்) கடத்தும் வகையில் வலுவானவை என்பதால் இரண்டையும் ஒரே படலத்தில் இணைக்கும் முயற்சிகள் நடக்கின்றன. நீங்கள் மேற்படிப்புக்குப் போனால் பார்க்க வேண்டிய இடம் அது.

சூரியத் தகட்டைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. 1986இல் டாங் செய்த இரண்டடுக்குக் கரிமக் கலம் 1 சதவீதத் திறன் காட்டியது. 2019இல் ஒய்6 என்ற, எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் புதிய ஏற்பி மூலக்கூறோடு 15.7 சதவீதம் வந்தது. அதன்பின் 19ஐயும் தாண்டிவிட்டார்கள். உண்மையிலேயே கொண்டாட வேண்டிய ஏற்றம். ஆனால் இந்த எண்கள் பெரும்பாலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைவான கலத்தில், நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள், சுழற்றிப் பூசிய படலத்தில் கிடைத்தவை. ரோலில் அச்சிட்டுப் பெரிய பரப்புக்குப் போனால் திறன் குறைகிறது. ஹீகரே இணைந்து 2001இல் தொடங்கிய கோனார்கா நிறுவனம் ரோல் அச்சில் சூரியப் படலம் செய்து விற்றது, 2012இல் திவாலானது.

ஆயுள்தான் பெரிய சிக்கல். ஓஎல்இடி திரைக்கு வேண்டிய காப்புறை ஒரு நாளில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் நீராவியை விடக்கூடாது என்பது துறையில் வழக்கமாகச் சொல்லும் இலக்கு. சாதாரண பாலியெஸ்டர் படலம் கிராம் கணக்கில் விடும். மலிவான படலத்தில் மலிவாக அச்சிட்டுவிட்டு, அதைக் காக்க விலையுயர்ந்த உறை போட வேண்டியிருக்கிறது. "செய்தித்தாள் போல மலிவு" என்ற கணக்கு உடைவது இங்கேதான். சூரியக் கலத்துக்கு இவ்வளவு கடுமை தேவையில்லை, ஆனாலும் சிலிக்கன் தகடு இருபத்தைந்து ஆண்டு வெயிலில் நிற்கிறது.

மைத்தூரிகை எழுதியது:

சிலிக்கன் தகட்டைச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. அதன் முகத்தில் மெல்லிய வெள்ளிக் கோடுகள் தெரிகின்றனவே, அவை ஸ்கிரீன் பிரிண்டிங். காரின் பின்கண்ணாடியில் பனி நீக்கும் கோடுகள், ஸ்கிரீன் பிரிண்டிங். சர்க்கரை நோயாளிகள் இரத்தத் துளி வைத்துப் பார்க்கும் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பல பட்டைகளில் கார்பன், வெள்ளி மைகளைப் பாலியெஸ்டர் மேல் அச்சிட்டு, அதன் மேல் நொதியைப் பூசியிருக்கிறார்கள். குளுக்கோஸோடு நொதி வினைபுரியும்போது வரும் மின்னோட்டத்தைக் கருவி அளக்கிறது. அச்சு, பிளாஸ்டிக், மின்னணு மூன்றும் உண்மையாகவே சேர்ந்து கோடிக்கணக்கானவர்களுக்குத் தினமும் உதவும் பொருள் அது. டிரான்சிஸ்டர் ஒன்றுகூடக் கிடையாது. கோடு பருமனாக இருந்தால் கவலையில்லை, ஒரே ஒரு முறை வேலை செய்தால் போதும். நான் சொன்ன தொல்லைகள் எதுவும் அங்கே தலைகாட்டுவதில்லை. இதைச் சொல்ல ஒரு பொது உரைக்கு மனம் வராமல் போனது எனக்குப் புரியவே இல்லை.

சுடர்மொழி எழுதியது:

இழை முழுவதும் படித்தேன். "முடியுமா" என்று மட்டுமே பேசுகிறோம். ஒவ்வொரு பொட்டலத்திலும் சில்லு வந்துவிட்டால் அது நல்லதா என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளி, இண்டியம், பாலியெஸ்டர் மூன்றையும் பிரிக்க முடியாமல் ஒட்டி, ஒரு முறை பயன்படுத்திக் குப்பையில் போடப்போகிறோம். சாதாரண மின்னணுக் கழிவைத் திரட்டுவதற்கே உலகம் திணறுகிறது. கைப்பேசியையாவது ஒருவர் எடுத்து வைத்து மறுசுழற்சிக்குக் கொடுப்பார், பிஸ்கட் உறையை யார் கொடுப்பார்? நோயைக் கண்டறியும் பட்டைக்கு நான் எதிரியல்ல. அதன் பயன் அதன் குப்பையைவிடப் பெரிது. விளம்பரத்துக்காக மினுங்கும் உறைக்கு அந்த நியாயம் கிடையாது.

படலம் எழுதியது:

அம்மா, உங்களோடு உடன்படுகிறேன். துறைக்குள்ளும் இந்தக் கவலை இருக்கிறது: குளோரோபென்சீன் போன்ற நச்சுக் கரைப்பான்களை விட்டுத் தண்ணீரிலும் ஆல்கஹாலிலும் கரையும் மைகள், வெள்ளிக்குப் பதிலாகக் கார்பனும் செம்பும், காகிதத்தையே தளமாக்குவது. செம்பு காற்றில் ஆக்சைடாகிவிடுகிறது என்பதால் அந்த மாற்றம் மெதுவாக நடக்கிறது. ஆனால் எதை அச்சிட வேண்டும், எதை அச்சிடவே கூடாது என்ற கேள்வியை ஆய்வகம் மட்டும் முடிவு செய்ய முடியாது. பொது உரை இருப்பதே அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

மின்னிழை எழுதியது:

உரையை ஏற்பாடு செய்தவர்கள் பார்வையாளர் கேள்விகளைப் பேச்சாளருக்கு அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த இழையிலிருந்து தொகுத்து இவற்றை அனுப்பியிருக்கிறேன்: காட்டிய ஒவ்வொரு மாதிரியிலும் எந்த அடுக்கு அச்சிடப்பட்டது, எது வெற்றிடத்தில் படிந்தது? குறைகடத்தி கரிமமா ஆக்சைடா சிலிக்கனா? சொன்ன திறன் எண்கள் எவ்வளவு பரப்பில் அளக்கப்பட்டவை? பயன்பாடு முடிந்ததும் அந்தப் படலத்தை எங்கே போடுவது? வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா?

படலம் எழுதியது:

ஆயுளைச் சேருங்கள். எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேட்காதீர்கள். திறன் தொடக்க அளவில் 80 சதவீதமாகக் குறையும்வரை எண்ணியதா, பாதியாகும்வரை எண்ணியதா, இருட்டில் வைத்ததா வெளிச்சத்திலா, உறையோடா உறையில்லாமலா, எந்த ஈரப்பதத்தில் என்று கேளுங்கள். கண்ணாடி உறைக்குள் இருட்டில் ஆயிரம் மணி நேரம் தாங்கிய கலமும், பிளாஸ்டிக் உறையோடு வெயிலில் ஆயிரம் மணி நேரம் தாங்கிய கலமும் திரையில் ஒரே எண்ணாகத்தான் தெரியும்.

தனிமவரிசை எழுதியது:

பதில் வந்ததும் இங்கே போடுங்கள், மாணவர்களோடு சேர்ந்து படிக்கிறோம். மைத்தூரிகை ஐயா, சாயக் கரைசலுக்கு எந்த இரண்டு கரைப்பான்களைக் கலந்தால் பள்ளி ஆய்வகத்தில் பாதுகாப்பாகச் செய்யலாம்?

மைத்தூரிகை எழுதியது:

தண்ணீரோடு கொஞ்சம் எத்திலீன் கிளைக்கால் சேர்த்தால் வளையம் குறைவது நன்றாகத் தெரியும், ஆனால் அது வயிற்றுக்குள் போனால் நஞ்சு. பள்ளிக்குப் புரொப்பிலீன் கிளைக்கால் போதும். கண்ணாடித் தகட்டை நன்றாகக் கழுவி உலர்த்திவிட்டு, கலவையில் ஒரு துளியும் வெறும் தண்ணீர்ச் சாயத்தில் ஒரு துளியும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். கிளைக்கால் துளி காய நேரம் எடுக்கும், மறுநாள் பாருங்கள்.